பத்தடி முன்னால்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குக் கால் தரையில் படுவதே பிடிக்காது என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பாதி கேலி, பாதி நிஜம். இருபத்தாறு வருஷமாக, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக வைத்த கிளட்சிலும் பிரேக்கிலும் கால் வைத்தபடி எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷர். முனைக்கடையில் பேப்பர் வாங்க வேண்டுமென்றாலும் காரைத்தான் எடுப்பார். அந்தச் சந்தில் வண்டியைத் திருப்பி நேராக்குவதற்குள் ஒருவன் இரண்டு தடவை நடந்து போய் வந்துவிடலாம். யாராவது சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

"தையக்காரர் சட்டை போடாம திரிவாரா? நான் கார் மாஸ்டர். கார்லதான் போவேன்."

அவர் சம்சாரத்தை எல்லோரும் கண்ணாடிக்காரம்மா என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்சைத் தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைப்பது, காதுப்பட்டியை வளைத்துக்கொடுப்பது, ஆணி முடுக்குவது எல்லாம் அவர் கைவேலை. வாய் மட்டும் சும்மா இருக்காது. கடையில் பேசுவார், வீட்டில் பேசுவார், தூங்கும்போதும் ஒரு கணக்குக்குப் பேசுவார். ஆனால் மாஸ்டர் காரில் ஏறினால் கப்சிப். வண்டி ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது ஸ்கூல் சட்டம். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் போட்ட சட்டம், கட்டிக்கொண்டவளுக்கும் சேர்த்துத்தான். அது மட்டுமில்லை. முன் இருக்கையில் மாஸ்டரின் பிரேக் இருக்கிறதல்லவா, அதில் அந்தம்மா கால் தவறிப் பட்டுவிட்டால் என்னாவது? அதனால் பின் இருக்கைதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். வெளியே போகும்போதெல்லாம் பெண்டாட்டி முகத்தை மாஸ்டர் பார்த்தது நடுக்கண்ணாடியில்தான், அதுவும் பின்னால் லாரி ஏதும் வராதபோது.

ஆசை இல்லாமல் இல்லை. அவளை வெயிலில் நடக்கவிடக் கூடாது, மழையில் நனையவிடக் கூடாது என்று வாசலிலிருந்து வாசலுக்கு ஏற்றி இறக்கினார். அவருக்குத் தெரிந்த பாசம் அது. குறை சொல்லவும் முடியாது.

இப்படி இருக்கையில் ஒருநாள் கண்ணாடிக்காரம்மா கடை மாடியிலிருந்து ஒரு தட்டு நிறைய ஃப்ரேம்களை எடுத்துக்கொண்டு இறங்கும்போது கடைசிக்கு முந்தின படியில் கால் சறுக்கியது. கைப்பிடியைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு ஃப்ரேமில் ஒன்றுக்குக்கூட கீறல் இல்லை. வலது முழங்கால் சில்லு மட்டும் இரண்டாக உடைந்தது.

கம்பி வைத்துக் கட்டினார்கள். அறுவைக்குக் கொடுத்த மயக்க மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மூன்று நாள் தலை தூக்க முடியாமல் வாந்தி. "இன்னொரு தடவை அந்த ஊசி போட்டா நான் திரும்பி வர மாட்டேங்க" என்று மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சிரித்துக்கொண்டே சண்டை போடும் பெண்பிள்ளை அப்படிச் சொன்னதும் மாஸ்டர் இன்னொரு கையாலும் அந்தக் கையை இறுக்கிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் கால் மரக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. மடங்கவில்லை. பெரிய டாக்டர் பார்த்தார். "நாற்பது டிகிரிதான் மடங்குது. தொண்ணூறு வரணும். நாலு வாரம் தர்றேன். வரலைன்னா மறுபடி மயக்கம் கொடுத்து நாங்களே மடக்க வேண்டியதுதான்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு வாக்கியம். இவர்கள் இருவருக்கும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு நீள அறையில் பயிற்சி கொடுக்கும் பெண் இருந்தாள். ஒல்லியாக, விறைப்பாக, பேச்சில் சர்க்கரை போடாத பெண். தினமும் பயிற்சி கொடுத்து, வாரத்துக்கு ஒரு தடவை பிளாஸ்டிக் அளவுகோலை முழங்காலில் வைத்துக் கோணம் பார்ப்பாள். முதல் வாரக் கடைசியில் நாற்பத்தி நாலு.

"ஒரு வாரத்துக்கு நாலு டிகிரி" என்றாள் அவள். "எப்படி வர்றீங்க?"

"கார்லதான்" என்றார் மாஸ்டர், பெருமையாகவே. "பின் சீட்டுல காலை நீட்டி வெச்சு, தலகாணி குடுத்து, ஆடாம அசையாம கூட்டிட்டு வர்றேன்."

"அதான் கால் நீட்டினபடியே இருக்கு. வீடு எங்க?"

சொன்னார்.

"அது சந்து வழியா வந்தா பதினஞ்சு நிமிஷ நடை சார். நாளையிலேர்ந்து நடந்து வாங்க. கைத்தடி ஊணிக்கட்டும். அரை மணி ஆனாலும் பரவாயில்ல."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஒருவழிப் பாதை, சிக்னல், நிறுத்த இடம் தேடுவது எல்லாம் சேர்த்து அவருக்குக் காரில் இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. அது வேறு விஷயம். கார் மாஸ்டர் பெண்டாட்டி தடியூன்றித் தெருவில் போனால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

பார்க்கிறவன் வேறு யாருமில்லை, கண்ணாடிக்காரம்மாவின் அண்ணன்தான் முதல் ஆள். நாற்சந்திக்கு அந்தப்புறம் டயர்க்கடை வைத்திருப்பவர். நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்காத உடம்பு. மறுநாள் காலை இவர்கள் இருவரும் ஆமை மாதிரி நகர்ந்து வருவதைப் பார்த்துவிட்டுச் சந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"என்ன மாப்ள! வண்டி நாலு, டிரைவர் ஒம்பது, என் தங்கச்சிக்கு மட்டும் நடராஜா சர்வீஸா?"

"டாக்டர் சொன்னது மச்சான்."

"டாக்டர் ஆயிரம் சொல்வாரு. புள்ள மூஞ்சியப் பாருங்க, வேர்த்து ஊத்துது!"

"அண்ணே, நீ உக்காந்த இடத்துலயே வேர்த்துக்கிட்டுதான இருக்க" என்றார் கண்ணாடிக்காரம்மா. "நான் நடந்தாவது வேர்க்கறேன்."

அண்ணன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டருக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். ஆனால் அதை அனுபவிக்கக்கூட அவருக்கு நேரம் இல்லை. அவர் வேலையில் இருந்தார்.

என்ன வேலை? பெண்டாட்டியை ஓட்டுகிற வேலை. இடது கையால் அந்தம்மாவின் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்திருந்தார். கண் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று சுழன்றுகொண்டே இருந்தது. "லெஃப்ட்ல பள்ளம். மெதுவா. நில்லு நில்லு, ஆட்டோ போகட்டும். இப்ப வா. தடிய முன்னால வை. ம்ம், அப்படியே." ஏதாவது குறுக்கே வந்தால் அவருடைய வலது கால் தானாகவே தரையை ஒரு மிதி மிதிக்கும். தெருவில் பிரேக் இல்லை என்பது மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அவர் மிதிக்கிற மிதியில் எதிரே வருகிறவர்கள் ஏதோ பூச்சியை நசுக்குகிறார் என்று விலகிப் போனார்கள்.

எப்படியோ நடந்ததில் பலன் தெரிந்தது. இரண்டாவது வார அளவில் ஐம்பத்தி ஒன்பது. மாஸ்டர் அதைக் கேட்டு வராந்தாவில் முன்பின் தெரியாத ஒருவரிடம் "அம்பத்தொம்போது சார்!" என்று சொல்லிக் கையைக் குலுக்கினார். அந்த ஆள் யாருக்கோ வயசு என்று நினைத்து, "நீடூழி வாழட்டும்" என்றார்.

வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் காரியம் நடந்தது.

பெயிண்ட் கடை முனை. ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டே திரும்பினான். கண்ணாடிக்காரம்மா அவனைப் பார்த்துவிட்டார். நின்றும்விட்டார். தடியை ஊன்றி, நல்ல காலில் பாரத்தைப் போட்டு ஒழுங்காகத்தான் நின்றிருந்தார். அதே நேரத்தில் மாஸ்டரின் கால் தரையை மிதித்தது, கை வெடுக்கென்று பின்னால் இழுத்தது. நின்ற மனுஷியை இழுத்தால் என்ன ஆகும்? உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. "அய்யோ" என்ற ஒரு சத்தம். அப்படியே பெயிண்ட் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் தண்ணீர் கொண்டு வந்தார். சைக்கிள்காரன் இறங்கி வந்து, தன்மேல் தப்பே இல்லாமல் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். மாஸ்டர் மண்டியிட்டு முழங்காலைத் தொடப் போனார். அந்தம்மா கையைத் தட்டிவிட்டார்.

"நான் பார்த்துட்டேன்ல?"

"ஆமா, ஆனா…"

"நின்னுட்டேன்ல? அப்புறம் எதுக்கு இழுத்தீங்க?"

கார் வரவழைத்துத்தான் வீட்டுக்குப் போனார்கள். மூன்று நாள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. நடையும் இல்லை, பயிற்சியும் இல்லை. நாலாம் நாள் அளந்தபோது ஐம்பது. ஏறின பதினைந்தில் ஒன்பது போச்சு. கையில் மிச்சம் பதினோரு நாள்.

பயிற்சிப் பெண் நடந்ததைக் கேட்டாள். கோபப்படவில்லை. அதுதான் மாஸ்டருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சார், உங்ககிட்ட கத்துக்க வர்றவங்க எத்தனை நாள்ல தானா பிரேக் போட ஆரம்பிப்பாங்க?"

"பத்து நாள்ல. சுமாரான ஆளுன்னா பதினஞ்சு."

"அதுக்கப்புறமும் நீங்க உங்க பக்கத்து பிரேக்க போட்டீங்கன்னா?"

"அவன் போட்டதுக்கு மேல நான் போட்டா வண்டி குலுங்கி நின்னுரும். அவனுக்கும் நம்பிக்கை போயிரும். புது மாஸ்டருங்க செய்யற தப்பு அது. நான் எப்பவும்…"

அங்கேயே நிறுத்திக்கொண்டார். தன் வாயாலேயே தன்னைப் பிடித்துக் கொடுத்தாயிற்று. பயிற்சிப் பெண் அளவுகோலைத் துடைத்து மேசையில் வைத்தாள்.

அன்று மருத்துவமனை வாசலுக்கு வந்ததும் கண்ணாடிக்காரம்மா சட்டம் போட்டார். வீட்டில் எப்போதும் மாஸ்டர்தான் சட்டம் போடுவார், இது புதுசு.

"கூட வாங்க. வேண்டாங்கல. ஆனா தொடக் கூடாது. பத்தடி முன்னால போங்க. திரும்பிப் பார்க்கக் கூடாது."

"பின்னால வர்றேனே, விழுந்தா பிடிக்கலாம்."

"பின்னால வந்தா ஹாரன் அடிச்சுக்கிட்டே வருவீங்க. எனக்குத் தெரியும். முன்னால போங்க."

போனார். வேறு வழி?

முதல் நாள் அவருக்கு அது நரகம். முதுகில் கண் இல்லையே என்று துடித்தார். கண்ணாடி இல்லாத வண்டியை ஓட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு காது தானாகத் தீட்டிக்கொண்டது. பின்னாலிருந்து வரும் சத்தம் புரிய ஆரம்பித்தது. தடி விழுவது 'டக்'. நல்ல கால் விழுவது 'தப்'. மடங்காத கால் வட்டம் போட்டுத் தரையைத் தேய்த்து வருவது 'சர்ர்'. டக், தப், சர்ர். டக், தப், சர்ர். அந்தச் சத்தம் நின்றால் அவரும் நிற்பார். தொடங்கினால் நடப்பார். 'சர்ர்' குறைந்தால் முழங்கால் மடங்குகிறது என்று அர்த்தம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இரண்டு நாள் போனதும் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆளுக்கு வேலை இல்லாவிட்டால் வேடிக்கைதான். ஒரு எட்டு வைப்பது, நிற்பது, ஒரு எட்டு வைப்பது என்ற வேகத்தில் போகிறவன் சுற்றிலும் பார்க்காமல் என்ன செய்வான்?

அந்தத் தெருக்களை மாஸ்டர் நாளுக்கு இருபது தடவை காரில் சுற்றினவர். எங்கே சிக்னல், எங்கே பள்ளம், எந்த முனையில் எதிரே வருவது தெரியாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் வெறும் சுவர் என்று நினைத்திருந்த இடத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குக் கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை இருந்தது அவருக்குத் தெரியாது. அந்தக் கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டே தலையாட்டி வணக்கம் சொல்வார். மரக்கடையைத் தாண்டும்போது புதிதாக அறுத்த பலகையின் வாசனை வந்தது. இத்தனை வருஷம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதே கடையைத் தாண்டிப் போயிருக்கிறார். ஒரு மாடியில் ஒரு பெண் தினமும் ஒன்பதே காலுக்குத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், கீழே படுத்திருக்கும் நாய் நாலு சொட்டு மேலே விழுந்ததும் கண்ணைத் திறக்காமலே இரண்டடி தள்ளிப் படுக்கும். தினமும் அதே இரண்டடி. அந்த நாய்க்கு மாஸ்டர் எத்தனை தடவை ஹாரன் அடித்திருப்பார்!

சந்துக்கு வெளியே, பழைய தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு இடம். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சொல்லி வைத்த மாதிரி அங்கேதான் வண்டியை நிறுத்திவிடுவார்கள். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும். "சமதரையில வண்டிய நிறுத்தறியே, மலையில எப்படி ஓட்டுவ?" என்று இருபத்தாறு வருஷமாக எல்லோரையும் காய்ச்சி எடுத்திருக்கிறார். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ அந்த இடத்தில் நடக்கும்போது கெண்டைக்கால் சதை லேசாக இழுத்தது. நின்றார். முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். மறுபடி இழுத்தது.

"என்னங்க ஆச்சு?" என்று பின்னாலிருந்து குரல்.

"இங்க மேடு."

"எங்க?"

"இங்கதான். கண்ணுக்குத் தெரியல. காலுக்குத் தெரியுது. மேடுடீ இது!"

"ஆமா. எனக்கு முதல் நாளே தெரிஞ்சுது. மூச்சு வாங்கிச்சே."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் வண்டி ஓடும்போது பேசக் கூடாதும்பீங்களே."

மாஸ்டர் திரும்பாமலே அசடு வழிந்தார். எத்தனை பேர் அங்கே கண் கலங்கியிருப்பார்கள்! ஒரு டீச்சரம்மா வண்டியை விட்டு இறங்கியே போய்விட்டாள், திரும்பி வரவில்லை. அவளைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் கேட்கவும் செய்தார்.

அன்றைக்குத் தொடங்கியது பேச்சு. முன்னால் போகிறவர் கண்டதைச் சொல்வார், பின்னால் வருகிறவர் அதற்கு ஒன்று சேர்ப்பார். "கடிகாரக்காரர் இன்னிக்குப் புதுச் சட்டை" என்பார் இவர். "சட்டைய விடுங்க, கண்ணுல பவர் ஏறியிருக்கு அவருக்கு. முன்னவிட கிட்டக் குனிஞ்சு பார்க்கறார்" என்பார் அவர். கண்ணாடிக்காரம்மா மனுஷர்களை முகத்தால் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை, கண்ணாடியால் வைத்துக்கொள்வார். "அதோ வர்றாரே, அது நான் போட்ட ஃப்ரேம். அந்தப் பொண்ணு மாட்டியிருக்கறது வேற கடை, மூக்குல அழுத்துது பாருங்க."

ஒருநாள் எதிரே வந்த ஒரு பெரியவரை நிறுத்தியே விட்டார்.

"ஐயா, கொஞ்சம் கண்ணாடியக் கழட்டிக் குடுங்க."

"ஏம்மா? யாரு நீ?"

"நான் போட்டுக் குடுத்ததுதான். வலது பக்கம் ஆணி தளர்ந்து சரியுது. நாலு எட்டுக்கு ஒரு தடவை தள்ளி விட்டுக்கிட்டே வர்றீங்க."

பையில் எப்போதும் இருக்கும் ஊசி மாதிரி ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மாஸ்டர் முதுகைக் காட்டி நிற்க, தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற நிலையிலேயே இரண்டு திருகு திருகிக் கொடுத்தார். பெரியவர் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிப் பார்த்தார். சரியவில்லை. "மகராசியா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் மாஸ்டருக்கு உறைத்தது. கண்ணாடி முடுக்க இரண்டு கையும் வேண்டும், தடியைப் பிடிக்கக் கை ஏது? தடி இல்லாமல், இரண்டு காலில், ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றிருக்கிறாள். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. சொன்னால் போய்விடுமோ என்ற பயம்.

மூன்றாவது வாரக் கடைசியில் எழுபத்தி ரெண்டு. அதற்கப்புறம் தினமும் அளக்கச் சொல்லிக் கெஞ்சினார் மாஸ்டர். பயிற்சிப் பெண் மறுத்துவிட்டாள். "கெடு அன்னிக்கு அளக்கலாம். அதுவரைக்கும் நடங்க" என்றாள். 'சர்ர்' சத்தம் நாளுக்கு நாள் தேய்ந்து வந்தது. ஆனால் தொண்ணூறு என்றால் எவ்வளவு தேய வேண்டும் என்று காதுக்கு எப்படித் தெரியும்?

கெடு நாள் வந்தது. வழக்கம் போலக் கிளம்பினார்கள். சந்தில் அந்தம்மா அதிகம் பேசவில்லை. "அந்த ஊசி போடுவாங்களாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "போட விட மாட்டேன்" என்றார் மாஸ்டர். எதை வைத்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

நாற்சந்தி வந்தது. அந்த வழியில் கஷ்டமான இடம் அதுதான். அகலமான சாலை. பச்சை விழுந்தால் நல்ல காலோடு நடக்கிறவனே வேகமாகப் போனால்தான் தாண்ட முடியும். அந்தப்புறம் ஏறினால் டயர்க்கடை. வண்டிகள் நடைபாதையில் ஏறிவிடக் கூடாது என்று மச்சான் தன் கடை முன்னால் ஓரக்கல்லை முக்கால் அடிக்குச் சிமென்ட் பூசி உயர்த்தி வைத்திருந்தார். அந்தக் கல்லில் ஏற முடியாமல் கண்ணாடிக்காரம்மா தினமும் சாலை ஓரமாகவே பதினைந்து அடி போய், சரிவு இருக்கிற இடத்தில் ஏறுவார்.

பச்சை விழுந்தது. மாஸ்டர் முன்னால் நடந்தார். சந்தி இரைச்சலில் தடிச் சத்தம் காதில் விழவில்லை. அவர் அந்தப்புறம் ஏறி நின்றபோது பின்னால் என்ன நடக்கிறது என்று ஒன்றுமே தெரியவில்லை. நேர் எதிரே நாற்காலியில் மச்சான். மாஸ்டர் மச்சான் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவர் தோளுக்கு மேலே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மச்சான் கையிலிருந்த டீ டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. புருவம் ஏறியது. பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. பச்சை முடிந்துவிட்டது. ஒரு ஹாரன். மச்சான் வாய் திறந்தது. "ஏ… ஏ…" என்றார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக நாற்காலியிலிருந்து அரைவாசி எழுந்தார்.

மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது. உடம்பு முழுக்கத் திரும்பு திரும்பு என்றது. திரும்பி ஓடினால் இரண்டே எட்டு. கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றிவிடலாம். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அவள் நின்றுவிட்டாளா, வருகிறாளா, விழப் போகிறாளா? எல்லாம் அந்தத் தடித்த முகத்தில் எழுதியிருந்தது, இவருக்குத்தான் படிக்க வரவில்லை. ஆனால் பெயிண்ட் கடைப் படி நினைவுக்கு வந்தது. நான் பார்த்துட்டேன்ல, நின்னுட்டேன்ல என்ற குரல். இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஹாரன் நின்றது. எல்லாம் சேர்ந்தே நின்றது. மச்சானின் கண் சாலையிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கி ஓரக்கல்லில் வந்து நின்றது. டம்ளர் சாய்ந்து டீ வேட்டியில் கொட்டுவதுகூடத் தெரியாமல் பார்த்தார்.

டக். அது தடி, கல்லின் மேலே. அப்புறம் 'தப்' என்று ஒன்று, அதுவும் கல்லின் மேலே. தேய்க்கிற சத்தம் இல்லை. ஒரு முனகல். இன்னொரு 'தப்'.

"அண்ணே, வாய மூடு. ஈ பூந்துரும்."

குரல் மாஸ்டரின் காதுக்குப் பக்கத்தில், தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் கேட்டது. அப்போதும் அவர் திரும்பவில்லை. அனுமதி வரவில்லையே.

"நடுவுல நின்னு கையக் காட்டினேன், அத்தனை வண்டியும் நின்னுச்சு" என்றார் கண்ணாடிக்காரம்மா, மூச்சிரைக்க. "ஒரு லாரிக்காரர் எஞ்சினையே அணைச்சுட்டாருங்க. திரும்புங்க, பரவால்ல."

மாஸ்டர் திரும்பினார். சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது, "எந்தக் காலை முதல்ல வெச்ச?" என்பதுதான்.

"உடைஞ்ச காலைத்தான். அவசரத்துல மறந்துட்டேன்."

நீள அறையில் பயிற்சிப் பெண் அளவுகோலை வைத்தாள். ஒரு தடவை பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அவள் அப்படி இரண்டு தடவை பார்த்து மாஸ்டர் கண்டதில்லை.

"தொண்ணூத்தி மூணு" என்றாள். "பெரிய டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஊசி கீசி ஒண்ணும் வேண்டாம். நடந்துகிட்டே இருங்க, மீதி தானா வரும்."

கண்ணாடிக்காரம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாஸ்டருக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. நன்றி சொல்லிப் பழக்கமில்லாத ஆள்.

"நீ எப்ப வேணா வாம்மா. வண்டி ஓட்டக் கத்துத் தர்றேன். இருபது நாள்ல லைசென்ஸ்."

"வேண்டாம் சார்" என்று அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "வீட்டுக்கு நடந்து போறதுதான் எனக்கு ஒரு நாள்ல கிடைக்கற ஓய்வு. அதையும் பிடுங்காதீங்க."

வெளியே வந்தால் வாசலில் டயர்க்கடை வண்டி நின்றது. மச்சான் டீக்கறை வேட்டியோடு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். விஷயம் கேட்டதும் தங்கை தலையில் கை வைத்து மூக்கை உறிஞ்சினார். "நாளைக்கே அந்தக் கல்லை உடைச்சு எடுத்துடறேன்" என்றார்.

"தொடாத. அது இருக்கட்டும்" என்றார் தங்கை. "அதுலதான் நான் ஏறினேன்."

"சரி, ஏறு வண்டில. வீட்டுல விட்டுட்டுப் போறேன்."

"நீ போண்ணே. நாங்க வர்றோம்."

மச்சான் மாஸ்டரைப் பார்த்தார். கார் மாஸ்டர் நியாயம் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார் போல. மாஸ்டர் வண்டிக் கதவைச் சாத்தி, போங்க என்று பானெட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

திரும்பி வரும்போது அவர் பத்தடி முன்னால் போகப் பார்த்தார். "இனி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அந்தம்மா தானாக அவர் கையைக் கோத்துக்கொண்டார். பிடித்ததும் பிடித்த விதமும் அவருடையது. மாஸ்டர் கையைத் தளர்வாக வைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரம்மா ஏதோ சொல்லத் தொடங்கினார். கல்யாணத்துக்கு முன்னால், கண்ணாடிக் கடையில் சேர்ந்த புதிதில், ஒருவர் தினமும் வந்து கண்ணாடி லூசாக இருக்கிறது என்று முடுக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய்த் தானே தளர்த்திக்கொண்டு மறுநாளும் வருவாராம். மாஸ்டருக்குத் தெரியாத கதை. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் தெரியாத கதை. மரக்கடை வாசனை வந்தது, கடிகாரக்காரர் தலையாட்டினார், மேடு கெண்டைக்காலை இழுத்தது. கதையில் அந்த ஆள் ஒருநாள் குடையோடு வந்து நிற்கிற கட்டத்தில் வீட்டு வாசல் வந்துவிட்டது.

மாஸ்டர் சாவியை எடுக்கவில்லை. அந்த முழங்காலை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தெருக்கோடியைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"லேசா."

"அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பலாமா? குடையோட வந்தான்னியே, அப்புறம் என்ன ஆச்சு?"